முளைக்கும்போதே பழுப்பாக வந்த கடைவாய்ப்பல்

வாசகர் கேள்வி:

என் மகனுக்கு எட்டு வயது முடியப்போகிறது. மேல் முன்பல் ஒன்றில் பாசிப்பயறு அளவுக்கு ஒரு மஞ்சள் திட்டு. பால்பல் விழுந்து முளைத்தபோதே அப்படித்தான் இருந்தது. கீழ்க் கடைவாய்ப்பல் இரண்டும் பழுப்பாக வந்தன. அதில் ஒன்று போன மாதம் தேன்குழல் கடிக்கும்போது ஓரம் உதிர்ந்துவிட்டது. பச்சைத் தண்ணீரில் வாய் கொப்பளித்தாலே துள்ளுகிறான், பல் துலக்கக் கூப்பிட்டால் அழுகிறான். "நீ சாக்லேட்டு வாங்கிக் கொடுத்துத்தான் பூச்சி விழுந்துருச்சு" என்கிறார் மாமியார். பக்கத்து வீட்டு ஆச்சி, போர் தண்ணீர்தான் காரணம் என்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் கணவர் ஃபோனில் படத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றரை வயதில் கொடுத்த ஆன்டிபயாட்டிக் செய்த வேலை என்கிறார். இங்கே பார்த்த பல் டாக்டர் "இது சொத்தை இல்லை, பல் உருவாகும்போதே எனாமல் சரியாக முதிரவில்லை" என்றார். இப்படி ஒன்று இருப்பதாக நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை. என் பிள்ளைக்கு மட்டும் ஏன் இப்படி? எத்தனை பிள்ளைகளுக்கு இது வருகிறது? மூன்று வயது மகளுக்கும் வருமா?
— பெயர் வேண்டாம், பள்ளத்தூர்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

"என் பிள்ளைக்கு மட்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 'மட்டும்' சரியில்லை, அதை முதலில் எடுத்துவிடுவோம். உங்கள் மகன் படிக்கும் வகுப்பில் நாற்பது பேர் இருந்தால், ஒவ்வொருவர் பல்லையும் பஞ்சால் துடைத்துவிட்டு நல்ல வெளிச்சத்தில் பார்த்தால், இன்னும் மூன்று நான்கு பேருக்கு இதே போன்ற திட்டு இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அவர்கள் வீட்டில் யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். கவனித்திருந்தாலும் "பூச்சிப்பல்" என்று முடித்திருப்பார்கள்.

உங்கள் டாக்டர் சொன்னது சரி. இதற்கு மோலார் இன்சைசர் ஹைப்போமினரலைசேஷன் என்று பெயர், சுருக்கமாக எம்.ஐ.எச். நிரந்தரக் கடைவாய்ப்பற்களில் முதலில் முளைப்பவையும், சில சமயம் அவற்றோடு முன்பற்களும், பல்லின் கடினமான மேலுறையான எனாமலில் தாதுச்சத்து குறைந்து வெளியே வருவதுதான் இது. 2001-இல்தான் இந்தப் பெயரே வைத்தார்கள். ஆனால் விஷயம் அதற்கு முன்பே தெரியும். சுவீடனில் 1960-களின் நடுவிலிருந்து 1970-களின் நடுவரை பிறந்த பிள்ளைகளைப் பரிசோதித்தபோது, 1970-இல் பிறந்தவர்களில் 15 சதவீதத்துக்குச் சற்று மேல் இது இருந்தது. அதே காலகட்டத்தில் வேறு ஆண்டில் பிறந்தவர்களிடம் 4 சதவீதம்கூட இல்லை. ஒரே நாடு, ஒரே சாப்பாடு, சில வருட இடைவெளி. ஏன் அப்படி ஏறி இறங்கியது என்று இன்றுவரை யாரும் முழுதாக விளக்கியபாடில்லை.

இப்போது உலகம் முழுக்க வந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள் சொல்லும் சராசரி 13 முதல் 14 சதவீதம். ஏழு எட்டுப் பிள்ளைகளில் ஒருவர். தனித்தனி ஆய்வுகளை எடுத்தால் 3 சதவீதத்திலிருந்து 40 சதவீதம் வரை பரந்து கிடக்கிறது. நம் நாட்டில் சண்டிகரில் 6 சதவீதச் சொச்சம், காந்திநகரில் 9, சென்னைப் பள்ளிகளில் ஏறக்குறைய 10, சேலத்தில் 7 சொச்சம். இந்தச் சேலத்துக் கணக்கை மட்டும் நினைவில் வையுங்கள், தண்ணீர்ப் பேச்சு வரும்போது அது தேவைப்படும்.

எண்கள் இப்படி ஊருக்கு ஊர் மாறுவதற்குப் பாதிக் காரணம் பிள்ளைகளிடம் இருக்கிறது, மீதிப் பாதி எண்ணுகிறவர்களிடம் இருக்கிறது. 2003-இல் ஐரோப்பியக் குழந்தைகள் பல் மருத்துவர்கள் கூடி எதை எம்.ஐ.எச். என்று சொல்வது என்று வரையறுக்கும்வரை ஆளாளுக்கு ஒரு அளவுகோல். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான புள்ளியை ஒருவர் சேர்ப்பார், இன்னொருவர் விட்டுவிடுவார். எட்டு வயதில் பார்ப்பதுதான் நல்லது, அப்போது நான்கு கடைவாய்ப்பற்களும் முன்பற்களும் பெரும்பாலும் முளைத்திருக்கும், ரொம்பக் கெட்டும் போயிருக்காது. பன்னிரண்டு வயதில் போய்ப் பார்த்தால் அந்தப் பல் ஃபில்லிங்குக்குள் மறைந்திருக்கும், இல்லை பிடுங்கப்பட்டிருக்கும். பதிவேட்டில் "சொத்தை" என்று இருக்கும். நீங்கள் இதைக் கேள்விப்படாததற்கும் காரணம் இதுதான். அரிதான நோய் என்பதால் இல்லை, சொத்தை என்ற கணக்குக்குள் போய் ஒளிந்துகொள்வதால்.

கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது, அது உங்களுக்கு ஆறுதலாகவும் இருக்கும், எச்சரிக்கையாகவும் இருக்கும். இந்தக் குறை உள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத்தான் வலியோ, கூச்சமோ, பல் உதிர்வதோ வந்து சிகிச்சை தேவைப்படுகிறது. மற்றவர்களுக்கு வெறும் திட்டு, அவ்வளவுதான். உங்கள் மகனுக்குப் பல் உதிரத் தொடங்கிவிட்டது, கூசுகிறது. அவன் அந்த நாலில் ஒருவன். ஆகவே "எல்லாருக்கும் வருவதுதானே" என்று தள்ளிப்போடக்கூடாது.

சரி, எனாமல் முதிரவில்லை என்றால் என்ன? தரையில் பதிக்கும் நம்ம ஊர் ஆத்தங்குடிக் கல்லை வைத்துச் சொல்கிறேன். அந்தக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. அச்சில் வண்ணமும் சிமென்ட்டும் ஊற்றி எடுத்தபின் நாள்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டால்தான் இறுகும். ஊறும் நாளில் குறை வைத்துவிட்டால் கல்லின் அளவு சரியாக இருக்கும், பூ வேலையும் சரியாக இருக்கும், நாலு பேர் நடந்ததும் முனை பொரிந்துவிடும். எனாமலும் இரண்டு கட்டமாகத்தான் உருவாகிறது. முதலில் அதன் கனமும் வடிவமும் உருவாகும். அப்புறம் உள்ளே இருக்கும் புரதம் வெளியேற, அந்த இடத்தில் கால்சியமும் பாஸ்பேட்டும் நிறைந்து இறுகும். நல்ல எனாமலில் எடைக்கணக்கில் 96 சதவீதம் தாது. எம்.ஐ.எச்.சில் கெடுவது இந்த இரண்டாவது கட்டம். கனம் குறைவதில்லை, உறுதி குறைகிறது. புரதம் உள்ளேயே தங்கிவிட, நுண்ணிய துளைகள் நிறைந்த எனாமல் வெளியே வருகிறது. எனாமலைக் கட்டும் செல்கள் பல் முளைக்கும்போதே அழிந்துபோகின்றன. பின்னால் பால் கொடுத்தாலும் கால்சியம் மாத்திரை கொடுத்தாலும் அது திரும்ப உருவாகாது. இதை முன்பே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் டானிக் வாங்கித் தரச் சொல்லி யாராவது கிளம்புவார்கள்.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். மகனை ஜன்னல் ஓரமாகத் தலை சாய்த்து உட்கார வைத்து, அந்த முன்பல்லை ஒரு சுத்தமான பஞ்சால் ஒற்றி, ஃபோன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். திட்டின் ஓரம் எப்படி இருக்கிறது? மஞ்சள் எங்கே முடிகிறது, நல்ல பல் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழித்தாற்போல் தெரிந்தால் அதுதான் எம்.ஐ.எச்.சின் கையெழுத்து. பக்கத்துப் பல்லையும் பாருங்கள். ஒரு பல்லில் பெரிதாக இருக்கும், அதன் ஜோடிப் பல்லில் சின்னதாக இருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. இந்த ஒழுங்கின்மைதான் அடையாளம். நிறத்திலும் விஷயம் உண்டு. வெள்ளைத் திட்டைவிட மஞ்சளும் பழுப்பும் அதிகத் துளையுள்ளவை, சீக்கிரம் உதிர்பவை. உங்கள் மகனுக்கு முதலில் உதிர்ந்தது பழுப்புப் பல் என்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

இதை மற்றவற்றிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டும். சொத்தையின் தொடக்க வெள்ளைத் திட்டு ஈறை ஒட்டி, அழுக்கு தங்கும் இடத்தில் வரும். மகனுக்கு இருப்பது முளைத்த அன்றே இருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முளைத்த அன்று யாருக்கும் சொத்தை இருக்காது. பால்பல்லில் சீழ் பிடித்தோ கீழே விழுந்து அடிபட்டோ இருந்தால், அதன் அடியில் வளரும் ஒரே ஒரு நிரந்தரப் பல் கறையோடு வரலாம். எல்லாப் பற்களுமே நிறம் மாறி, அப்பாவுக்கோ அத்தைக்கோ அதே போல் இருந்தால் அது பரம்பரைக் குறை, அதன் கதை வேறு.

இப்போது பஞ்சாயத்துக்கு வருவோம். வீட்டில் மூன்று பேர் மூன்று குற்றவாளிகளைப் பிடித்திருக்கிறார்கள்.

மாமியார் சொல்லும் சாக்லேட்டு முதலில். முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல்லின் எனாமலில் தாது படியத் தொடங்குவது பிள்ளை பிறக்கும் சமயத்தில். மூன்று வயதை நெருங்கும்போது பல்லின் மேல்பகுதி முழுவதும் தாடைக்குள் தயாராகிவிடும். முன்பற்களுக்கு மூன்று நான்கு மாதத்தில் தொடங்கி நாலைந்து வயது வரை ஆகும். இரண்டிலும் எனாமல் இறுகும் நேரம் ஒன்றோடொன்று மேவுவதால்தான் இரண்டும் சேர்ந்து கெடுகின்றன. ஆக, பல் தாடைக்குள் புதைந்திருந்தபோது நடந்தது இது. வாய்க்குள் போட்ட மிட்டாய் அங்கே போய்த் தொட்டிருக்க முடியாது. அத்தையிடம் இதைத் தைரியமாகச் சொல்லலாம். ஆனால் அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது: துளையுள்ள பல் முளைத்தபின் இனிப்பு பட்டால் மற்ற பல்லைவிடப் பல மடங்கு வேகமாகச் சொத்தையாகும்.

அடுத்தது ஆச்சியின் போர் தண்ணீர். தண்ணீரில் ஃபுளோரைடு மிகுந்தால் பல் கறைபடும் என்பது உண்மை. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் அதைத் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். ஆனால் அந்தக் கறை வேறு மாதிரி. ஓரம் தெரியாமல் பரவி, மெல்லிய வெள்ளைக் கோடுகளாக, இடமும் வலமும் ஒரே போல், ஒரே காலத்தில் உருவான எல்லாப் பற்களிலும் இருக்கும். சேலத்து ஆய்வு ஃபுளோரைடு மிகுந்த பகுதியில் நடந்தது. அங்கேயும் எம்.ஐ.எச். 7 சதவீதச் சொச்சம்தான், சென்னையை மிஞ்சவில்லை. தண்ணீர்தான் காரணம் என்றால் அங்கே கூரையைப் பிய்த்துக்கொண்டு அல்லவா போயிருக்க வேண்டும்? காரைக்குடிக்காரர்கள் சம்பை ஊற்றுத் தண்ணீரைப் பற்றிப் பெருமை பேசுவார்கள், போர் தண்ணீர் என்றாலே முகம் சுளிப்பார்கள். அந்தச் சுளிப்புக்கு ருசி காரணமாக இருக்கலாம், மகனின் பல் காரணமாகாது. சந்தேகம் தீர வேண்டுமானால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துப் பாருங்கள். லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குள் ஃபுளோரைடு இருந்தால் நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம்.

கணவரின் ஆன்டிபயாட்டிக்கை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது. முதல் மூன்று ஆண்டுகளில் அடிக்கடி காய்ச்சல், மூச்சுக்குழல் தொற்று, ஆஸ்துமா வந்த பிள்ளைகளிடமும், பிறக்கும்போது மூச்சுத் திணறலோ சிக்கலோ இருந்தவர்களிடமும் எம்.ஐ.எச். கூடுதலாகக் காணப்படுகிறது. ஆன்டிபயாட்டிக் எடுத்தவர்களிடமும் அப்படித்தான். ஆனால் காய்ச்சல் இல்லாமல் யார் ஆன்டிபயாட்டிக் கொடுக்கிறார்கள்? எனாமல் கட்டும் செல்லைக் கெடுத்தது உடம்புச் சூடா, மருந்தா என்று பிரிப்பது ரொம்பக் கஷ்டம். பரம்பரைக் கூறும் இதில் சேர்கிறது. ஒரே ஒரு காரணம் என்று எதுவும் இல்லை, பல சேர்ந்துதான் இது வருகிறது. ஒன்றரை வயதுப் பிள்ளை உடம்புக்கு முடியாமல் தவித்தபோது டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தை நீங்கள் கொடுத்தீர்கள். கொடுக்காமல் இருந்திருந்தால்தான் தப்பு. கணவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

அப்புறம், உங்கள் கடிதத்தில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத விஷயம் ஒன்று: அவன் பல் துலக்க அழுகிறான். வீட்டில் இதற்குச் சோம்பேறித்தனம், அடம் என்று பெயர் வைப்பார்கள். துளையுள்ள எனாமல் வழியாகக் குளிர்ச்சியும் கிருமியும் உள்ளே எட்டுவதால் பல்லின் நரம்பு எப்போதும் புண்பட்ட நிலையிலேயே இருக்கிறது. பச்சைத் தண்ணீரும் பிரஷ்ஷும் பட்டாலே வலிக்கும். வலிப்பதால் அந்த இடத்தைத் தொடாமல் தப்பிக்கிறான், தொடாததால் அழுக்கு தங்குகிறது, உதிர்ந்த இடத்தில் சொத்தை சேர்கிறது. இதே காரணத்தால் டாக்டரின் மரப்பு ஊசியும் இந்தப் பல்லில் சரியாகப் பிடிக்காது. ஊசி போட்டும் வலித்தது என்று பிள்ளை சொன்னால் நம்புங்கள், பொய் சொல்லவில்லை. சுவீடனில் ஒன்பது வயதுப் பிள்ளைகளை ஒப்பிட்டபோது, எம்.ஐ.எச். தீவிரமாக இருந்தவர்களின் முதல் கடைவாய்ப்பற்களுக்கு மற்றவர்களைவிட ஏறக்குறைய பத்து மடங்கு அதிகமாகச் சிகிச்சை நடந்திருந்தது, பல் டாக்டர் என்றாலே பயமும் அவர்களிடம் அதிகமாக இருந்தது. இந்தப் பயத்தை வரவிடாமல் பார்த்துக்கொள்வது பல்லைக் காப்பாற்றும் வேலையில் சேர்ந்ததே. முதல் முறை போகும்போதே "இந்தப் பல் தொட்டால் கூசும், மரப்பு பிடிக்கத் தாமதமாகலாம்" என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். முன்கூட்டியே வலி மாத்திரை கொடுப்பது, ஊசியின் வகையை மாற்றுவது என்று அவருக்கு வழிகள் உண்டு.

வீட்டில் இன்றிலிருந்து செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். துலக்கவும் கொப்பளிக்கவும் வெதுவெதுப்பான தண்ணீர். மென்மையான சின்ன பிரஷ். பேஸ்ட் டியூப்பின் பின்பக்கத்தில் ஃபுளோரைடு எத்தனை பி.பி.எம். என்று பாருங்கள், 1000 இருக்க வேண்டும். கரடி, முயல் படம் போட்ட குழந்தைகள் பேஸ்ட் சிலவற்றில் ஃபுளோரைடே இருக்காது, சிலவற்றில் பாதி அளவுதான் இருக்கும். பட்டாணி அளவு போதும். துலக்கியபின் துப்பினால் போதும், தண்ணீர் ஊற்றிக் கழுவித் தள்ள வேண்டாம். ராத்திரி ஒரு முறை நீங்களே துலக்கிவிடுங்கள், எட்டு வயதுக் கைக்குப் பின்பல் எட்டாது. பாலிலுள்ள கேசீன் புரதத்திலிருந்து செய்யும் ஒரு க்ரீம் இருக்கிறது. டாக்டர் எழுதிக் கொடுத்தால் ராத்திரி துலக்கியபின் தடவலாம், கூச்சம் ஓரளவு அடங்கும். பாலுக்கு அலர்ஜி உள்ள பிள்ளைக்கு மட்டும் கூடாது.

உமிக்கரி, சாம்பல், உப்பு, எலுமிச்சை எதையும் அந்தத் திட்டில் தேய்க்கக் கூடாது. "நாங்கள் எல்லாம் உமிக்கரியில்தான் விளக்கினோம், எழுபது வயதிலும் கரும்பு கடிக்கிறோம்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் எனாமல் முழுதாக இறுகியது, தாங்கியது. இவன் எனாமலைத் தேய்த்தால் கறை போகாது, ஏனென்றால் கறை மேலே இல்லை, உள்ளே இருக்கிறது. எனாமல்தான் போகும். வெள்ளையாக்கும் பேஸ்ட்டுக்கும் இதே பதில்தான்.

பலகாரத்தை நிறுத்தச் சொல்லவில்லை. செட்டிநாட்டில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொன்னால் யார் கேட்பார்கள்? எத்தனை தின்றான் என்பதைவிட எத்தனை தடவை தின்றான் என்பதைப் பாருங்கள். கந்தரப்பமோ அதிரசமோ சாப்பாட்டோடு சேர்த்து ஒரு தடவை சாப்பிட்டு முடித்துவிட்டால் பல்லுக்கு மீதி நேரம் ஓய்வு. டின்னைத் திறந்து திறந்து மணிக்கொரு மாவுருண்டை என்றால்தான் வினை. கும்மாயம், கவுனி அரிசி மாதிரி ஒட்டுவதைத் தின்றபின் வாயைக் கொப்பளிக்கட்டும். தேன்குழல், சீப்புச் சீடை மாதிரிக் கடினமானதை அந்தப் பல்லுக்குக் கேப் போடும்வரை தள்ளி வையுங்கள். வெயில் நாளில் ஐஸ் வேண்டாம் என்று நீங்கள் சொல்லவே வேண்டாம், அவனே சொல்வான்.

டாக்டர் செய்யக்கூடியது பல்லுக்குப் பல் மாறும். உதிராத கடைவாய்ப்பல்லுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஃபுளோரைடு வார்னிஷ், பள்ளங்களை அடைக்க சீலன்ட். உதிர்ந்த பல்லுக்கு முதலில் கிளாஸ் அயனோமர் என்ற சிமென்ட்டை வைத்து மூடினால் கூச்சம் குறைந்து பிள்ளை சமாதானமாவான். அது நிரந்தரம் இல்லை, அடிக்கடி கழன்றுவிழும். துளையுள்ள எனாமலில் எந்த ஃபில்லிங்கும் ஒழுங்காக ஒட்டாது. மூன்று முறை கழன்றுவிட்டது என்று டாக்டரை மாற்றிக்கொண்டே போகிறவர்கள் உண்டு, பல பேர் விஷயத்தில் டாக்டர்மேல் பிழை இல்லை. அதிகம் உதிர்ந்த பல்லை முழுக்க மூடும் ஸ்டீல் கேப்தான் இந்த வயதில் நான் நம்பும் சிகிச்சை. வெள்ளி நிறத்தில் இருக்கும், பின்னால் இருப்பதால் யாருக்கும் தெரியாது, பெரியவனாகும்வரை தாங்கும். பல்லை ராவாமலே பொருத்தும் முறையும் இருக்கிறது. "இரும்பை மாட்டிவிட்டார்கள்" என்று வீட்டில் யாராவது முணுமுணுத்தால் பொருட்படுத்தாதீர்கள்.

பல் ரொம்பவே கெட்டிருந்தால் எடுத்துவிடலாமா என்ற கேள்வியும் வரும். கேட்கவே பதறும், நிரந்தரப் பல்லாயிற்றே. ஆனால் எட்டரை முதல் பத்து வயதுக்குள், பின்னால் வரும் இரண்டாவது கடைவாய்ப்பல்லின் வேர் பிரியும் இடம் எக்ஸ்ரேயில் உருவாகத் தொடங்கும் நேரத்தில் எடுத்தால், அந்தப் பல் முன்னே நகர்ந்து இடத்தை நிரப்பிக்கொள்ள நல்ல வாய்ப்பு உண்டு. மேல் தாடையில் இது சுலபமாக நடக்கும், கீழ்த் தாடையில் அவ்வளவு நிச்சயம் இல்லை. உங்கள் மகனுக்குக் கீழ்ப்பல் என்பதால் முழு வாய் எக்ஸ்ரே எடுத்து, பல் சீரமைப்பு நிபுணரின் கருத்தையும் கேட்டபின் முடிவெடுங்கள். இதற்கு ஒரு காலம் உண்டு. பன்னிரண்டு வயதில் போய், "அப்போ எடுத்திருக்கலாமோ" என்று பேசிப் பயனில்லை.

முன்பல்லுக்கு அவசரமில்லை. எட்டு வயதில் அதன் நரம்பறை பெரிதாக இருக்கும், ராவி உறை போடுவது தப்பு. மேலோட்டமான வெள்ளைத் திட்டு என்றால் மெல்லத் தேய்த்து நீக்கலாம், திட்டின் துளைகளுக்குள் பிசின் ஊறவைத்து மங்கச் செய்யலாம். மஞ்சள் திட்டு ஆழமானது, அது இதற்கெல்லாம் பெரும்பாலும் மசியாது. பள்ளியில் கிண்டல் செய்கிறார்களா, அவனே கண்ணாடி முன் நின்று வாயை மூடிக்கொள்கிறானா என்று பாருங்கள். அப்படியானால் பல் நிறக் கலவையால் மேலே மெல்லியதாக மூடிவிடலாம், சில வருடம் நிற்கும். அவனுக்குக் கவலையில்லை என்றால் உங்களுக்கும் வேண்டாம்.

எங்கே போவது? குழந்தைகள் பல் மருத்துவம் படித்தவரிடம் காட்டுவது நல்லது. காரைக்குடியில் விசாரியுங்கள். செலவு யோசனை இருந்தால், புதுக்கோட்டையில் 2023-இல் தொடங்கிய அரசுப் பல் மருத்துவக் கல்லூரி உங்களுக்குத் தூரமில்லை. போகும்போது ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொண்டு போங்கள்: பிறந்தபோது மாதம் நிறைந்திருந்ததா, மூச்சுத் திணறல் இருந்ததா, மூன்று வயதுக்குள் வந்த பெரிய காய்ச்சல்கள், வீட்டில் வேறு யாருக்காவது இப்படிப் பல் உண்டா. ஒன்றரை வயதில் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டு இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள்.

கடைசியாக, மகள். அண்ணனுக்கு இருப்பதால் தங்கைக்கு வந்தே தீரும் என்றில்லை, ஆனால் பரம்பரைக் கூறு உண்டு என்பதால் கண் வைத்திருப்பது நல்லது. அவளிடம் இப்போதே பார்க்கக்கூடிய ஒன்று இருக்கிறது. பால்பற்களில் கடைசியாக, ஆகப் பின்னால் இருக்கும் நான்கு கடைவாய்ப்பற்களைப் பாருங்கள். அவை உருவாகும் காலமும் நிரந்தரக் கடைவாய்ப்பல்லின் காலமும் ஓரளவு மேவுகின்றன. அங்கே ஓரம் தெளிவான வெள்ளையோ மஞ்சளோ திட்டு இருந்தால், பின்னால் எம்.ஐ.எச். வரும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைவிட நாலைந்து மடங்கு அதிகம். திட்டு இல்லாவிட்டால் வரவே வராது என்று உறுதி சொல்ல முடியாது, சற்று நிம்மதியாக இருக்கலாம். எப்படியானாலும் ஐந்தரை வயது தொடங்கியதும் மாதம் ஒரு முறை அவள் வாயை டார்ச் அடித்துப் பாருங்கள். முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் எந்தப் பால்பல்லும் விழாமல், கடைசிப் பல்லுக்கும் பின்னால் சத்தமில்லாமல் முளைக்கும். பல பெற்றோர் அதையும் பால்பல் என்று நினைத்து, "எப்படியும் விழுந்து முளைக்கும்" என்று விட்டுவிடுகிறார்கள். ஈறைக் கிழித்துக்கொண்டு அதன் நுனி தெரியும் வாரத்திலேயே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். திட்டு இருந்தால் அப்போதே வார்னிஷ் தொடங்கிவிடலாம்.